காகிதம் வழிவிடாது

ஹோமா பே
6 செப்டம்பர் 1998

அன்புள்ள நஷோன் அண்ணனுக்கு,

ஏரிக் காற்றில் அப்பாவின் இருமல் கொஞ்சம் கூடியிருக்கிறது. மற்றபடி இங்கே எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம். நைரோபிக் குளிர் உன் முழங்காலைப் படுத்தாமல் இருக்கட்டும். ரிஸ்பர் அண்ணியும் பெலிக்ஸும் சுகந்தானே?

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். என் குடிசை சாய்ந்துவிட்டது. வேலி வாசலுக்கு இடப்பக்கம், கல்யாணத்துக்கு முன்னால் நான் படுத்துத் தூங்கக் கட்டிக்கொண்ட அதே ஒற்றை அறைதான். இப்போது அதில் நான், அவினோ, மூன்று பிள்ளைகள். மேற்குச் சுவரைக் கயிறு போட்டு மாமரத்தோடு இழுத்துக் கட்டி வைத்திருக்கிறேன். மாவு மில் வேலையில் மிச்சம் பிடித்துத் தகரமும் மரமும் வாங்கி அடுக்கிவிட்டேன். மேட்டு நிலத்தில் தனி வீடு போடட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று உனக்குத் தெரியாதா?

"மூத்தவன் தன் வீட்டுக்கு நெருப்பு கொண்டு போகாம இளையவன் எப்படிடா போவான்? அவன் என்ன செத்தா போயிட்டான்?"

நீ ஒரே ஒரு தடவை வந்தால் போதும் அண்ணா. உன் பங்கு நிலத்தில் நான்கு கம்பு நட்டு, மேலே தகரம் போட்டு நானே வீடு எழுப்பித் தருகிறேன். சேவலை அப்பா பிடித்துக்கொள்வார். கோடாலியை உன் மகன் பெலிக்ஸ் தூக்கிக்கொள்வான். நெருப்பை அண்ணி கொண்டு வருவாள். நீயும் அண்ணியும் ஓர் இரவு அதில் படுத்து எழுந்தால் முடிந்தது. மறுநாளே பஸ் ஏறிவிடலாம். அதற்கப்புறம்தான் என் முறை.

மார்ச்சில் பெருமழை பிடிப்பதற்குள் இது நடந்தாக வேண்டும். "இன்னொரு மழைக்கு இந்தச் சுவத்துக்குக் கீழ பிள்ளைங்களப் படுக்க வைக்க மாட்டேன். எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்று அவினோ சொல்லிவிட்டாள். சும்மா மிரட்டுகிறவள் இல்லை அவள். எந்த வாரம் வருகிறாய் என்று எழுது.

உன் சுகத்துக்கு ஜெபிக்கும் தம்பி,
காலேப்

*

நைரோபி
11 அக்டோபர் 1998

என் அருமைத் தம்பி காலேப்,

வெற்றி உன் வாசலில் வந்து நிற்கட்டும்! நான் உடலாலும் உள்ளத்தாலும் உச்சத்தில் இருக்கிறேன். யாராவது நலம் கேட்டால் "ஏதோ இருக்கிறேன்" என்று சொல்லும் வழக்கத்தையே விட்டுவிட்டேன். நீயும் விட்டுப் பார், ஒரே வாரத்தில் முகம் மாறிவிடும்.

இன்சூரன்ஸ் வேலை ஓடுகிறது. ஆனால் என் உயிர் இருப்பது சனிக்கிழமைகளில் நாங்கள் கூடும் ஏறுவோர் வட்டத்தில்தான். ஜூன் மாதக் கூட்டம் ஒன்றில் "இனிய இல்லறத்தின் ஐந்து தூண்கள்" என்று பேசினேன். எழுந்து நின்று கைதட்டினார்கள். அதைச் சிறு நூலாக அச்சடிக்கச் சொல்கிறார்கள்.

உன் கடிதத்தை ஆழ்ந்து வாசித்தேன். சுவர் சாய்ந்துவிட்டது என்கிறாய். தம்பி, சாய்ந்தது சுவரா, உன் பார்வையா? இதை உன்னையே நீ கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் "சுவரில்லாத மனம்" என்ற புத்தகத்தை இத்துடன் அனுப்புகிறேன். முக்கியமான வரிகளுக்கு அடியில் நானே கோடு போட்டிருக்கிறேன். காலையில் ஒரு பக்கம், மாலையில் ஒரு பக்கம். அவினோவுக்கும் வாசித்துக் காட்டு. பெண்களுக்குப் பயம் அதிகம். பயம் என்பது அறியாமையின் நிழல்.

அப்பா அம்மாவுக்கு என் வணக்கம். உயர்ந்துகொண்டே இரு.

உன் அண்ணன்,
நஷோன்

*

ஹோமா பே
25 அக்டோபர் 1998

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவுக்குக் கண் மங்கல் அப்படியே இருக்கிறது. அப்பாவுக்கு இருமல் குறையவில்லை. நீ உச்சத்தில் இருப்பதாக எழுதியதை வாசித்துக் காட்டினேன். "உச்சத்துல இருந்தா கீழ எப்ப எறங்குவானாம்?" என்று அம்மா கேட்டாள்.

சாய்ந்தது சுவர்தான் அண்ணா. என் பார்வை நேராகத்தான் இருக்கிறது. அதனால்தான் சுவர் சாய்ந்திருப்பது தெரிகிறது. கயிறு கட்டியிருக்கிற மாமரமும் இப்போது எங்கள் பக்கம் சாய ஆரம்பித்திருக்கிறது.

உன் புத்தகத்தை அவினோவுக்கு வாசித்துக் காட்டினேன். "மனத்தின் கதவைத் திற, வானம் உள்ளே வரும்" என்ற வரி வந்தது, நீ இரண்டு கோடு போட்டிருந்தாய். அவள் கூரையைப் பார்த்தாள். "வானம் ஏற்கெனவே உள்ளதான் இருக்கு. மேல வாசிங்க" என்றாள்.

நான் கேட்டது ஒரு தேதி. நீ அனுப்பியது ஒரு புத்தகம். ஏன் அண்ணா? வரமாட்டேன் என்றாவது எழுதியிருக்கலாமே. இன்னொன்று. மாதா மாதம் அம்மாவுக்கு இரண்டு வரியாவது எழுதுவாள் அண்ணி. ஜூன் மாதத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. உடம்பு கிடம்பு சரியில்லையா? கிறிஸ்துமஸுக்குக் கட்டாயம் மூன்று பேரும் வாருங்கள். அந்த விடுமுறையிலேயே உன் வீட்டை எழுப்பிவிடலாம்.

காலேப்

*

நைரோபி
2 டிசம்பர் 1998

அன்புத் தம்பிக்கு,

பதில் தாமதமானதைப் பொருட்படுத்தாதே. நேரத்தை ஆளக் கற்றவர்களுக்குத்தான் நேரம் கிடைப்பதில்லை!

கிறிஸ்துமஸ் சமயத்தில் வட்டத்தின் ஆண்டுக் கூட்டம். நான் இல்லாமல் நடக்காது. வீட்டில் எல்லோரும் நலம். ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலை.

உன் கடிதத்தில் வெப்பம் தெரிந்தது. கோபம் என்பது நல்ல எரிபொருள், அதை அடுப்பில் எரிக்க வேண்டும், கூரையில் அல்ல. அப்பாவிடம் பேசும் முறையில்தான் கோளாறு என்று நினைக்கிறேன். மூத்த தலைமுறையோடு பேச அருமையான வழி ஒன்று இருக்கிறது. முதலில் கேள். பிறகு ஒப்புக்கொள். அதன் பிறகு உன் கருத்தை மெல்ல வை. இந்த முறையில் நான் எத்தனையோ பிடிவாதக்காரர்களை இன்சூரன்ஸ் எடுக்க வைத்திருக்கிறேன். அப்பா மட்டும் என்ன விதிவிலக்கா?

இத்துடன் மேலும் மூன்று நூல்கள். பத்திரம், ஒன்று என் சொந்தப் பிரதி.

என்றும் ஏறுமுகத்தில்,
நஷோன்

*

ஹோமா பே
3 ஜனவரி 1999

அண்ணனுக்கு,

புது வருஷம் உனக்கு நல்லபடியாக இருக்கட்டும். இங்கே பழைய வருஷத்தின் ஈரமே இன்னும் காயவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அப்பா கோட்டு போட்டுக்கொண்டு வேலி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். நைரோபி பஸ் ஒவ்வொன்றாக வந்தது. கோழிக்கூடு, மெத்தை, டிரான்சிஸ்டரோடு ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் இறங்கினார்கள். "உங்க பெரியவன் வரலியா?" என்று ஆளாளுக்கு நின்று கேட்டார்கள். இருட்டின பிறகுதான் அப்பா எழுந்து உள்ளே போனார். கோட்டைக் கழற்றாமலே உகாலிக் களி சாப்பிட்டார்.

நீ சொன்ன முறையை அவரிடம் செய்து பார்த்தேன். நீ சிரிக்கக் கூடாது. முதலில் கேட்டேன். வெகு நேரம் பேசினார், தாத்தா காலத்தில் முறை தவறிய ஒருவனுக்குப் பிள்ளைகள் தங்காமல் போன கதை வரைக்கும். பிறகு ஒப்புக்கொண்டேன். "நீங்க சொல்றதுல நியாயம் இருக்குப்பா" என்றேன்.

"நியாயம் இருக்கா?"

"இருக்குப்பா."

"அப்ப எழுந்து போ. எனக்குத் தூக்கம் வருது."

மூன்றாவது படிக்கு இடமே வைக்கவில்லை மனுஷன்.

உன் நான்கு புத்தகங்களும் வீண் போகவில்லை. போன வார மழையில் உள்ளே தண்ணீர் ஓடியது. கட்டிலின் நான்கு காலுக்கும் ஒவ்வொன்றாக முட்டுக் கொடுத்து அவினோ கட்டிலை உயர்த்திவிட்டாள். உன் சொந்தப் பிரதி தலைமாட்டில், உலர்ந்த பக்கத்தில் இருக்கிறது. இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்கக் கேட்க நீ வேறெதையோ பேசிக்கொண்டிருக்கிறாய். எனக்கு அலுத்துவிட்டது அண்ணா. வருகிறாயா, இல்லையா?

அண்ணியைப் பற்றிக் கேட்டேனே, அதற்கும் பதில் இல்லை.

காலேப்

*

நைரோபி
14 பிப்ரவரி 1999

தம்பி,

நலம். நலமே விழைகிறேன்.

இனி உன்னிடம் உறைக்கும்படி பேசியாக வேண்டும். உன்னைத் தடுப்பது அப்பா அல்ல. நான் அல்ல. வழக்கம் என்று ஒரு வேலி. அதை நட்டவர்கள் எல்லோரும் மண்ணுக்குள் போய்விட்டார்கள். செத்தவர்கள் நட்ட வேலிக்குள் உயிரோடிருப்பவன் ஏன் ஒடுங்கிக் கிடக்க வேண்டும்? மூத்தவன் முதலில், இளையவன் பிறகு என்று எந்தச் சேவல் வந்து உன்னிடம் சொன்னது? தாண்டு! கட்டு! என் அனுமதி உனக்கு எதற்கு? வேண்டுமென்றால் இதோ எழுதிக் கொடுத்துவிட்டேன், வைத்துக்கொள். துணிந்தவன் தாண்டிய வேலி அடுத்தவனுக்கு வாசல் என்று என் நூலின் முன்னுரையிலேயே எழுதியிருக்கிறேன். அச்சகத்தில் இருக்கிறது.

மழைக்கு முன் நீ ஒரு புதிய மனிதனாக எழுந்து நிற்பதை நான் காண வேண்டும்.

நஷோன்

*

ஹோமா பே
7 மார்ச் 1999

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். மழை பிடித்துவிட்டது.

நீ எழுதியபடியே செய்துவிட்டேன். மேட்டு நிலத்தில் வீடு எழுந்துவிட்டது. முன்னால் நான் கோடாலியோடு போனேன், பின்னால் அவினோ நெருப்போடு வந்தாள். அப்பா வரவில்லை. சித்தப்பாக்கள் வேலி ஓரம் நின்று பார்த்தார்கள். "மூத்தவன் செத்தாத்தான் இளையவன் தாண்டுவான். அப்ப நஷோன் கணக்கு முடிஞ்சுது" என்று அவர்களில் பெரியவர் சொன்னார். அத்தை உன் பெயரைச் சொல்லி ஒப்பாரிகூட ஆரம்பித்துவிட்டாள். அவர்கள் பழைய ஆட்கள், விடு. உனக்கு ரொம்ப நன்றி.

உன் புதிய மனிதன்,
காலேப்

*

நைரோபி
11 மார்ச் 1999

காலேப்,

நலம் விசாரிக்க எனக்கு மனமில்லை.

நான் செத்துவிட்டேனா? சொல்லடா. உயிரோடு இருக்கிற அண்ணனுக்கு அத்தை ஒப்பாரி வைக்கிறாள், நீ நின்று கேட்டுக்கொண்டிருந்தாயா? யாரைக் கேட்டுத் தாண்டினாய்? நான் எழுதினேன் என்கிறாயா? எழுதினால் செய்துவிடுவதா? சனிக்கிழமை தோறும் கூட்டம் கூட்டமாக ஆட்களிடம் அதையேதான் சொல்கிறேன். இதுவரை ஒருவனும் செய்ததில்லை!

இந்த ஊரில் நான் யார் தெரியுமா? படிக்கட்டு ஏறி இறங்கி இன்சூரன்ஸ் விற்கிறவன். கதவை முகத்தில் அடிக்கிறார்கள். எவன் என்ன சொன்னாலும் ஊரில் நான் மூத்த மகன், எனக்கு அப்புறம்தான் மற்றவன் என்று ஒரு பிடிப்பு இருந்தது. அதையும் நீ பிடுங்கிக்கொண்டாய்.

ஏன் வரவில்லை, ஏன் வரவில்லை என்று குடைந்தாயே, கேட்டுக்கொள். ரிஸ்பர் போன ஜூன் மாதமே போய்விட்டாள். பெலிக்ஸையும் கூட்டிக்கொண்டு நகூருவில் அவள் அக்கா வீட்டில் இருக்கிறாள். நெருப்பைத் தூக்கி வர நான் யாரைக் கூட்டிக்கொண்டு வருவேன்? அந்த வீட்டில் ஓர் இரவு யாரோடு படுத்து எழுவேன்?

அடிக்கவில்லை, குடிக்கவில்லை, இன்னொருத்தியும் இல்லை. அவள் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் நான் புத்தகத்தை எடுத்தேன். அழுதால் எந்த அத்தியாயம் என்று தேடினேன். "இந்த வீட்ல நான் பேசினா பதில் சொல்றது நீங்களா, அந்த அலமாரியா?" என்று ஒருநாள் கேட்டாள். அதற்கும் ஒரு பக்கத்தைப் புரட்டி வாசித்தேன். மறுநாள் போய்விட்டாள். அந்த வாரமே வட்டத்தில் இல்லறத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். நானும் போய்ப் பேசினேன். இதையெல்லாம் அப்பாவிடம் எந்த வாயால் சொல்வேன்?

உன் புது வீட்டில் நீ நன்றாக இரு. என்னைத் தேடாதே.

நஷோன்

*

ஹோமா பே
17 மார்ச் 1999

என் அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. மில்லின் பின்னால் போய் நின்று வாசித்தேன்.

நான் வீடு கட்டவில்லை. ஒரு குழிகூடத் தோண்டவில்லை. அப்பா உயிரோடு இருக்கையில் எனக்கு அந்தத் துணிச்சல் ஏது? அத்தையும் அழவில்லை. எல்லாம் பொய். அவினோ சொல்லித்தான் எழுதினேன். "தூங்கறவர எழுப்பலாம். தூங்கற மாதிரி நடிக்கிறவர எப்படி எழுப்பறது? நறுக்குனு கிள்ளித்தான் பாக்கணும்" என்றாள். இவ்வளவு வலிக்கும் என்று தெரியாது. மன்னித்துக்கொள். ஆனாலும் எனக்கு உன் மேல் கோபம் இருக்கிறது. ஜூனிலேயே இரண்டு வரி எழுதியிருந்தால் உன்னை இத்தனை மாதம் கரித்துக்கொட்டியிருக்க மாட்டேனே? நாலு புத்தகத்துக்குத் தபால் செலவு செய்தவனுக்கு இரண்டு வரி எழுத மனம் வரவில்லையே!

அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்ட மறுநாளே மழையில் மேற்குச் சுவர் விழுந்துவிட்டது. பகலில் விழுந்ததால் ஆளுக்குச் சேதமில்லை. மறுநாள் காலை அவினோ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இப்போது நாம் இருவரும் ஒன்றுதான் அண்ணா. நான் மில்லில் மூட்டைகள் மேல் படுக்கிறேன்.

உன் பிப்ரவரிக் கடிதத்தை அப்பாவிடம் அனுமதி என்று காட்டினேன். கையிலேயே வாங்கவில்லை. "காகிதம் வழிவிடாது. மூத்தவன் என் முன்னால வந்து நின்னு, ஏன் கட்ட முடியலைன்னு காரணத்தையும் சொல்லி, தம்பி போகட்டும்னு வாயால சொல்லட்டும். அப்படிச் சொன்னா அது தாண்டறது இல்ல" என்றார்.

ஆகவே வேறு வழி கிடையாது. நீதான் வர வேண்டும். அண்ணி போனதைப் பற்றி நான் அவரிடம் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். நீ வந்து சொன்னால் அதற்குப் பிறகு மூத்தவன் இடத்தில் உனக்கு முன்னால் நான்தான் நடப்பேன், ஊர் பேசும், அதுவும் தெரியும். என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. என் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள்.

காலேப்

*

நைரோபி
24 மார்ச் 1999

காலேப்,

ஏதோ இருக்கிறேன்.

சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். என்ன சொல்வது என்று நான்கு நாளாக யோசிக்கிறேன், ஒன்றும் வரவில்லை. சின்ன வயசில் அப்பா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே நான் மாமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். இப்போதும் ஒளியத்தான் தோன்றுகிறது.

வாசலில் நீ என் கூட நில்.

நஷோன்

*

ஹோமா பே
9 மே 1999

அன்புள்ள அண்ணனுக்கு,

அப்பாவுக்கு இருமல் பரவாயில்லை. அம்மா உன் முழங்காலுக்குத் தைலம் கொடுத்து விட்டிருக்கிறாள், பஸ் டிரைவரிடம் வாங்கிக்கொள். மேட்டு வீட்டுக்கு ஈஸ்டர் கழிந்ததும் நெருப்பு கொண்டு போனோம். அவினோவும் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். பெரியவன் கோடாலியைத் தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டே வந்தான். சேவலோடு அப்பா முன்னால் நடந்தார். நீ மறுநாள் விடியும் முன்பே யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போனது அவருக்கு வருத்தம். சித்தப்பாக்கள் வாயை மூட முடியவில்லை, நீ நினைத்தபடியேதான் பேசுகிறார்கள். அவினோ ஒருவரைக் கிணற்றடியில் வைத்து நன்றாகக் கேட்டுவிட்டாள்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. போன வியாழக்கிழமை ரிஸ்பர் அண்ணி வந்தாள். தனியாகத்தான் வந்தாள், பெலிக்ஸ் பள்ளிக்கூடத்தில் இருக்கிறானாம். அம்மாவைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு நேரே மில்லுக்கு வந்தாள். மிஷினை நிறுத்தச் சொன்னாள். அரைக்க வந்த பெண்கள் முணுமுணுத்துக்கொண்டு வெளியே போனார்கள்.

"உங்கண்ணன் அப்பா முன்னாடி ஏதோ சொன்னாராமே. நகூரு வரைக்கும் வந்திருக்கு. என்ன சொன்னார்?"

நான் தயங்கினேன். "சொல்லு காலேப். நீ பக்கத்துல நின்னேல்ல" என்றாள்.

சொன்னேன். நீ சொன்னதை அப்படியே சொன்னேன். "என் பொண்டாட்டி போயிட்டாப்பா. தப்பு என் மேல. அவ பேசினப்ப எல்லாம் நான் காது குடுக்கல, பாடம் நடத்தினேன். அவ இல்லாம என்னால வீடு எழுப்ப முடியாது. தம்பி போகட்டும்." அதன் பிறகு அப்பா, "இதைச் சொல்ல வெக்கப்பட்டா இத்தனை மாசம் அந்தப் பிள்ளைங்கள நனைய விட்ட?" என்று கேட்டதையும், நீ ஆமாம் என்றதையும் சொன்னேன்.

அண்ணி மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"யார் எழுதிக் குடுத்தது?"

"யாரும் இல்ல அண்ணி. தரையப் பாத்துக்கிட்டே சொன்னான். நின்னு நின்னு சொன்னான்."

"எந்தப் புஸ்தகத்துலயும் இல்லையே அது?"

"இல்ல."

வெளியே பெண்கள் கதவைத் தட்டினார்கள். நேரமாகிறது, மிஷினைப் போடு என்று கத்தினார்கள். அண்ணி எழுந்திருக்கவில்லை. உடுத்தின துணியில் ஒட்டின மாவைக்கூடத் தட்டிவிடவில்லை.

"காலேப், அவர் சொன்னத இன்னொரு தடவை சொல்லு" என்றாள்.

சொன்னேன்.

எல்லோரும் உன்னைக் கேட்டதாகச் சொன்னார்கள்.

உன் தம்பி,
காலேப்